ஈமுவை மயக்கும் இலை

என் நாத்தனார் மெர்ல் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. திட்டுகிறவர்களை நம்பலாம். வாயால் கொட்டித் தீர்த்துவிட்டு, மறுநாள் காலையில் சர்க்கரை இருக்கிறதா என்று டம்ளரோடு வந்து நிற்பார்கள். மெர்ல் அப்படி இல்லை. கேட்டுக்கொள்வாள், பேசாமல் போய்விடுவாள். அதற்குப் பிறகுதான் பயம்.

ஒருமுறை அவள் சாம்பலுக்குள் சுட்டு வைத்திருந்த உடும்பின் வாலை அவள் அண்ணன் கிளாரி, அதாவது என் வீட்டுக்காரர், தின்றுவிட்டார். கொழுப்பெல்லாம் வாலில்தான் இருக்கும். மெர்ல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருஷ மழைக்கு நாங்கள் ஆலிஸ் நகரத்துக்குப் போகும்போது வண்டி சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். மெர்ல் மட்டும் பின்சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இறங்குடி, நீ ஒருத்தி இறங்கினாலே வண்டி பாதி மேல வந்துடும்" என்றேன்.

"வால் தின்னவன் தள்ளட்டும்" என்றாள்.

அப்போதுதான் கிளாரிக்கே அந்த வால் ஞாபகம் வந்தது.

அவர்களுக்கு ஒரு அக்கா இருந்தாள். அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. போய்ச் சேர்ந்தவர்களின் பெயரை எங்களில் யாரும் வாயில் எடுப்பதில்லை. பெரியவள் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

எங்கள் பூர்வகுடி ஜனம் வாழும் பாலைவனக் குடியிருப்பான கழுகுக் கிணற்றில் இருக்கிற பெண்கள் பாதிப் பேர் படம் வரைகிறவர்கள்தான். ஆனால் பெரியவள் வரைகிற மருந்து இலைக்கு ஈடு கிடையாது. அந்த இலை பெரியவள், மெர்ல் இவர்களுடைய அப்பாவின் நிலத்துக்குரியது. அதை வரைகிற உரிமை அந்தப் பெண்களுக்குத்தான். நான் வரைந்தால் கையை ஒடிப்பார்கள், ஒடித்தாலும் தப்பில்லை. மழை பெய்து கொழுந்து விட்டதும் பறித்து வந்து, கொதிக்கவைத்து, கங்காருக் கொழுப்பில் குழைத்து வைத்துக்கொள்வோம். புண் ஆறும், நெஞ்சுச் சளி இளகும். பெரியவள் துணியை மணலில் விரித்து அதன் நடுவிலேயே உட்கார்ந்துவிடுவாள். தூரிகையை ஒரு அழுத்து, ஒரு இழுப்பு. ஒரு இலை. அதன் மேல் இன்னொன்று. சாயங்காலம் எழுந்து நின்று பார்த்தால் துணி முழுக்கக் காற்று வீசிக்கொண்டிருக்கும். எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

ஆலிஸில் ராய்ஸ் டன்கர்லி என்றொருவன் படக்கடை வைத்திருந்தான். போர்வை, டின் இறைச்சி, நாய்களுக்கு எலும்பு எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்களிடம் வருவான். மணலில் சப்பணம் போட்டு உட்காருவான். பெரியவளை அம்மா என்பான். நானும் உங்க வீட்டுப் பிள்ளைதான் என்பான். பெரியவளுக்கு அவன்மேல் பிரியம்தான், அதை மறைத்துப் பயனில்லை.

பெரியவளுக்குச் சிறுநீரகம் போனது. வாரத்தில் பாதி நாள் ஆலிஸில் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஊரில் எங்கே தங்குவது? ராய்ஸ் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையைக் காட்டினான். கட்டில், விசிறி, தண்ணீர்க் குழாய் எல்லாம் இருந்தன. மிஷினுக்கு நானே கூட்டிப்போகிறேன் என்றான். முதலில் கூட்டித்தான் போனான். பிறகு வெளிநாட்டிலிருந்து யாரோ பெரியவள் கையால் வரைந்த ஒரு பெரிய படம் வேண்டும் என்று கேட்டார்கள்.

மெர்ல் அக்காவைப் பார்க்கப் போனபோது அவள் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். பாதம் இரண்டும் ஊதிக் கிடந்தன. மூச்சு இழுத்தது.

"மிஷினுக்குப் போனியாக்கா?"

"இது முடியட்டும்னான். நாளைக்குப் போலாம்னான்."

"எந்த நாளைக்கு?"

"தெரியலடி. எல்லா நாளும் நாளைக்குன்னுதான் சொல்றான்."

ராய்ஸ் தேநீரோடு வந்தான். "கவலைப்படாத மெர்ல். காலைல முதல் வேலை அதான்" என்றான். மெர்லிடம் வண்டி இல்லை, தொலைபேசியும் இல்லை. கழுகுக் கிணற்றுக்கு வந்துகொண்டிருந்த யாரோ ஒருவரின் வண்டியில் தொற்றிக்கொண்டு கிளாரியைக் கூட்டிவர வந்தாள். நாங்கள் மூன்று பேரும் மண் பாதையில் எலும்பு கழலும்படி திரும்பி ஓட்டிக்கொண்டு போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கொட்டகை வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அவசரமில்லாமல் நின்றது. உள்ளே படம் முடிந்து சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு மூலையில் இன்னும் ஈரம்.

போலீஸ்காரர்கள் கேட்டதற்கு ராய்ஸ் அழுதுகொண்டே சொன்னான்: "நான் எவ்வளவோ கெஞ்சினேன், அவங்கதான் மிஷினுக்கு வரமாட்டேன்னுட்டாங்க. ரெண்டு வாரமா தூரிகையையே தொடலை, படுத்தேதான் இருந்தாங்க." அப்படியே எழுதிக்கொண்டார்கள். மெர்ல் ஈரப் படத்தைக் கையால் காட்டினாள். அது யார் வரைந்ததோ, கடையில் வரைகிறவர்கள் பலர் இருக்கிறார்கள் என்றான். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

நாங்கள் தலைமுடியை வெட்டினோம், வெள்ளைக் களிமண் பூசிக்கொண்டு துக்கக் குடிலுக்குப் போனோம். எங்கள் வழக்கப்படி துக்கம் முடியும்வரை மெர்ல் பேசவில்லை, கைஜாடைதான். பெரியவர்கள் கூடி உட்கார்ந்தார்கள். எங்களில் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் வழி தெளிவு. வந்து நிற்பான், தொடையில் ஈட்டி வாங்குவான், ரத்தம் வடியும், கணக்கு முடியும். வெள்ளைக்காரனை என்ன செய்வது? ஆளாளுக்கு மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

மெர்ல் எழுந்து நடுவில் வந்து, தன் தொடையைத் தட்டிக் காட்டி, கையை விரித்தாள். அவனுக்குத் தொடை இல்லையா?

"தொட்டா நம்மள உள்ள போட்டுடுவான் தங்கச்சி" என்றார் கிளாரி.

துக்கம் முடிந்து நாங்கள் ஆலிஸுக்குப் போனபோது ராய்ஸின் கடைக் கண்ணாடியில் தங்க எழுத்தில் பெரியவளின் பெயர் எழுதியிருந்தது. முழுப் பெயர். ஒரு முழ உயரத்தில். கீழே, கடைசி ஓவியங்கள் என்று போட்டிருந்தது. நான் முகத்தை மூடிக்கொண்டேன். மெர்ல் வண்டிக்குப் போய், பெண்கள் சண்டைக்கு எடுக்கிற கட்டையைக் கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் பிடித்து வீசினாள். கண்ணாடி நடைபாதை முழுவதும் கொட்டியது. அவள் ஓடவில்லை. போலீஸ் வரும்வரை கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

நீதிமன்றத்தில் ராய்ஸ் எழுந்து, எனக்குப் புகார் இல்லை, அவர்கள் என் குடும்பம், துக்கத்தில் செய்துவிட்டார்கள் என்றான். விட்டுவிட்டார்கள். வெளியே படம் எடுக்கிறவர்கள் நின்றார்கள். ராய்ஸ் நேராக வந்து மெர்லைக் கட்டிப்பிடித்தான். அவள் கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தப் புகைப்படம் செய்தித்தாளில் வந்தது. கடைக்கு இன்னும் கூட்டம் வந்தது.

திரும்பி வரும்போது பாதி வழிவரை அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு, "அண்ணி, அவன் சோப்பு வாசம் என் மூஞ்சில இருக்கு" என்றாள்.

"குளிச்சிடு, போயிடும்."

"போகக் கூடாது" என்றாள்.

குளிர் தொடங்கியபோது ஒரு காலையில் மெர்ல் தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஆலிஸுக்குப் போனாள். போனவள் ராய்ஸின் கொட்டகையில் இருக்கிறாள், அவனுக்குப் படம் வரைகிறாள் என்று செய்தி வந்தது. யாரும் நம்பவில்லை. பிறகு நம்பினார்கள், நம்பியதும் காறித் துப்பினார்கள். பெரியவளின் மகள் டார்லீன் வடக்கே டெனன்ட் க்ரீக்கில் புருஷன் வீட்டில் இருந்தாள். செய்தி கேட்டு வண்டி பிடித்து ஆலிஸுக்கே போய்விட்டாள். மெர்ல் கடைவீதியில் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். டார்லீன் அவள் காலடியில் துப்பினாள்.

"எங்கம்மாவத் தின்னவன் வீட்டு ரொட்டி ருசியா இருக்கா சின்னம்மா?"

"பரவால்ல. உப்பு கம்மி" என்றாளாம் மெர்ல்.

டார்லீன் இதை என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்தியது. உடும்பு வாலுக்கு ஒரு வருஷம் காத்திருந்தவள் இவள். கங்காரு வால் ஒன்றைக் கட்டிக்கொண்டு நானே போனேன்.

ராய்ஸ் வீட்டில் இல்லை. கொட்டகையில் மெர்ல் தரையில் விரித்த பெரிய துணியின் நடுவில், அக்கா உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தாள். வெளிர்பச்சை, சாம்பல், வெள்ளை இலைகள். அழகாகத்தான் இருந்தது. காற்றும் வீசியது. ஆனால் எனக்கு ஏதோ சரியில்லை.

"என்ன இலைடி இது?"

"மருந்து இலை."

"யாருகிட்ட கதை விடுற? உங்கப்பன் இலை இவ்ளோ ஒல்லியா?"

"மழை இல்லாத வருஷம்."

"மழை இல்லாட்டி நீகூட ஒல்லியாயிருக்கணும். நீ ஆகலையே."

அவள் சிரிக்கவில்லை. தூரிகையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து பார்த்தேன். இலைகளுக்கிடையில் மணி போலச் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள், பூவுக்குள் ஊதாக் கோடு. கொஞ்சம் தள்ளிக் கறுப்புப் பழங்கள். அது ஈமுச் செடி. அந்த இலையைக் கசக்கி, ஈமு தண்ணீர் குடிக்க வருகிற பாறைக் குழியில் போடுவார்கள். குடித்த பறவை தள்ளாடும். ஆண்கள் பின்னாலேயே போய்க் கட்டையால் அடித்து எடுத்துவருவார்கள்.

"அடிப்பாவி, இது விஷம்!"

"சத்தம் போடாத. அது எங்கம்மா நிலத்துச் செடி. வரைய எனக்கு உரிமை இருக்கு. நம்ம சட்டப்படிதான் பண்றேன்."

"இதை அவன் மருந்துன்னா விக்கிறான்?"

"நான் ஒண்ணும் சொல்லல. மருந்து இலையா மெர்ல்னான். நான் தலையைச் சொறிஞ்சேன். அவனே எழுதிக்கிட்டான். பின்னாடி அக்கா பேரையும் அவனே எழுதுறான். அக்கா சாகுறதுக்கு முன்னாடி வரைஞ்சதாம்." தூரிகையை உதறினாள். "அந்தத் தண்ணியக் குடிச்ச ஈமுவப் பாத்திருக்கியா அண்ணி? அது நேரா நடக்கிறதாத்தான் நினைச்சுக்கும்."

தெற்கே ஒரு பெரிய நகரத்தில் புதிதாக ஒரு மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் வாசல் கூடத்துக்கு, சுவரை மறைக்கிற அளவுக்குப் படங்கள். நோயைத் தீர்க்கும் இலைகள், மறைந்த மேதையின் கடைசிப் படைப்பு என்று ராய்ஸ் அவர்களிடம் பேசி முடித்திருந்தான்.

"உன் போன்ல படம் எடு" என்றாள் மெர்ல். "நான் வரையிற மாதிரி. சுவத்துல இந்த மாசத்தக் காட்டுற கால்பந்துக் காலண்டரும் பின்னாடி தெரியணும். திரும்ப வா. ஒவ்வொரு படமும் பாதி இருக்கும்போது ஒண்ணு, முடிஞ்சதும் ஒண்ணு எடு."

"டார்லீன்கிட்டயாவது சொல்லலாம்டி. பிள்ளை வேகுது."

"வேகட்டும். அவ என்னைப் பாத்துச் சிரிச்சா ராய்ஸ் கண்டுபிடிச்சிடுவான்."

அந்தக் குளிர் முழுக்க நான் கங்காரு வாலும் ரொட்டியும் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். இரண்டகக்காரிக்குச் சோறு சுமக்கிறவள் என்று என்னையும் சேர்த்துப் பேசினார்கள். ராய்ஸுக்கு என்னைப் பிடித்துப்போனது. மெர்லுக்கு ஒரு துணை இருப்பது நல்லது என்றான். மருத்துவமனைத் திறப்பு விழாவுக்குக் குடும்பத்தில் யாராவது வரவேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, எங்கள் இரண்டு பேரையும் விமானத்தில் ஏற்றினான். மெர்லுக்கு ஊதாநிற உடை வாங்கிக்கொடுத்தான். விமானத்தில் அவள் நன்றாகத் தூங்கினாள். நான்தான் போனில் இருந்த படங்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

கூடம் உயரமாக, வெளிச்சமாக இருந்தது. சுவர் முழுக்க எங்கள் ஈமுச் செடி. மருத்துவர்கள், கோட்டுப் போட்டவர்கள், கையில் கோப்பையோடு பெண்கள். படத்தின் கீழே ஒரு பலகையில் பெரியவளின் பெயர் இருந்தது, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ராய்ஸ் மேடையேறி, தான் அம்மா என்று கூப்பிட்ட பெண்ணைப் பற்றிப் பேசினான். கடைசி நாட்களில் அவள் இந்த இலைகளைத் தன் மக்களுக்கான பரிசாக வரைந்தாள், நான் அருகிலிருந்து பார்த்தேன் என்றான். குரல் தழுதழுத்தது. கைதட்டினார்கள். பிறகு தங்கை ஒரு வார்த்தை சொல்வாள் என்று மைக்கைக் கொடுத்தான். அவள் நன்றி சொல்லுவாள் என்று நினைத்தான்.

மெர்ல் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"இத வரைஞ்சது எங்கக்கா இல்ல. நான். இந்தக் குளிர்ல, இவன் வீட்டுக் கொட்டாய்ல வரைஞ்சேன். அப்ப எங்கக்கா மண்ணுக்குள்ள இருந்தா. இது மருந்து இலையும் இல்ல. ஈமுவ மயக்கி அடிச்சுக் கொல்றதுக்குப் போடுற இலை."

யாரோ சிரித்தார்கள். சட்டென்று நின்றது. முன்வரிசையில் முத்துமாலை போட்ட ஒரு அம்மா, மருத்துவமனைக்குத் தலைவி என்று பிறகு தெரிந்தது, எழுந்து, "விஷமா?" என்றாள்.

"ஈமுவுக்கு விஷம். மனுஷங்க கொஞ்சமா மென்னா பசி தெரியாது. நிறைய மென்னா எந்திரிக்க மாட்டாங்க. உங்க நோயாளிங்க பாக்கலாம், ஒண்ணும் ஆகாது. நக்காம இருந்தா சரி."

ராய்ஸ் ஓடிவந்து மைக்கைப் பிடித்தான். "மன்னிக்கணும், இவங்க துக்கத்துல இருக்காங்க, முன்னாடியே ஒருமுறை..." என்று ஆரம்பித்தான்.

"அண்ணி" என்றாள் மெர்ல்.

நான் பையிலிருந்து போனை எடுத்தேன். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்வரிசை ஓரமாக நடந்தேன். தரையில் பாதி வரைந்த துணி, நடுவில் மெர்ல், பின்னால் கால்பந்துக் காலண்டர். முத்துமாலை அம்மா என் கையிலிருந்து போனையே வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பிறகு ராய்ஸைப் பார்த்தாள். அவன் முகத்தில் அப்போதும் சிரிப்பு இருந்தது, கழற்ற மறந்த தொப்பி மாதிரி.

மெர்ல் அவன் அருகில் போய்க் காதோரம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "நானும் உன் குடும்பம்தானே ராய்ஸ், புகார் குடுக்காதன்னேன்" என்றாள்.

போலீஸ் கடையைப் பூட்டியது. கிடங்கைத் திறந்தபோது சுருள் சுருளாகப் படங்கள், எல்லாவற்றின் பின்னாலும் பெரியவளின் பெயர். ஊர் சுற்ற வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளை உட்காரவைத்து வரையச் சொல்லியிருக்கிறான். எங்களுக்கு வண்டி வண்டியாக ஆட்கள் வந்து தோளைத் தட்டினார்கள். துப்பியவர்கள் ரொட்டி கொண்டுவந்தார்கள். டார்லீன் வந்து மெர்லின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். அங்கேயே கதை முடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கிடங்கில் இருந்த படங்களில் எது அசல், எது போலி என்று பிரிக்க வேண்டியிருந்தது. அசல் என்று முடிவானவை ராய்ஸுக்குச் சொந்தம், அவன் வாங்கியவை. வழக்குக்கு வக்கீல் வைக்க, கடனை அடைக்க, அவனுக்கு அதுதான் மிச்சம். போலிகளை அழித்துவிடுவார்கள். நிபுணர் ஒருத்தி வந்திருந்தாள், ஆனால் குடும்பத்தின் வாக்குதான் முக்கியம் என்றாள். டார்லீன் அம்மாவின் கடைசிக் காலத்தில் பக்கத்தில் இல்லை. சின்னம்மாவே சொல்லட்டும் என்றுவிட்டாள். நான் மெர்லோடு போனேன். நீளமான மேசை. நிபுணர், ஒரு போலீஸ் அதிகாரி, எதிரே ராய்ஸும் அவன் வக்கீலும்.

ஒவ்வொன்றாக விரித்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் வரைந்ததை நானே சொல்லியிருப்பேன். அவை வாழைப்பழத்தோல் மாதிரி கிடந்தன. மெர்ல் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு ஒன்றை விரித்தார்கள். நான் மேசைமேல் குனிந்தேன். பெரியவளின் கை. காற்று வீசியது.

"இல்ல" என்றாள் மெர்ல்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுத்ததும் பெரியவளுடையது. "இல்ல." அதற்கடுத்து அந்தப் பெரிய படம், கொட்டகைச் சுவரில் ஈரத்தோடு சாய்ந்திருந்த, அதற்குப் பிறகு வெளிநாட்டுக்கு அனுப்ப அவனுக்குத் துணிவு வராத படம்.

"இல்ல."

ராய்ஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "பொய் சொல்றா! இது அசல்! அவங்களேதான் வரைஞ்சாங்க, என் கண்ணு முன்னாடி! மெர்ல், நீயும்தான் பாத்த! உனக்குத் தெரியும்! அன்னிக்கு நீ அங்க வந்தப்ப..."

வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். ராய்ஸ் நிறுத்தினான். ஆனால் அதிகாரி பேனாவைத் தூக்கிவிட்டார்.

"எந்த அன்னிக்கு?"

"எந்த அன்னிக்கு ராய்ஸ்?" என்றாள் மெர்லும், மிக மெதுவாக. "சொல்லு. எங்கக்கா ரெண்டு வாரமா தூரிகையத் தொடலன்னு சொன்னியே."

அசல் என்று நிரூபித்தால், மிஷினுக்குப் போகவேண்டியவளை உட்காரவைத்து வரையவைத்தேன் என்று அவன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். எனக்கே அப்போதுதான் புரிந்தது. அவனுக்கும் அப்போதுதான் புரிந்தது. வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான் அவன் எங்களைப் பற்றி உண்மை சொன்னான், அதை அவனாலேயே முடிக்க முடியவில்லை.

"நினைவில்ல" என்றான் கடைசியில்.

"அப்ப போலி" என்று எழுதினாள் நிபுணர்.

வெளியே வந்ததும், "ரெண்டு வழி விட்டேன் அண்ணி" என்றாள் மெர்ல். "எந்தப் பக்கம் நடந்தாலும் விழுந்திருப்பான்." அவள் கண்ணில் இருந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் விலகி நடக்கவும் தோன்றியது.

ராய்ஸுக்குச் சிறை கிடைத்தது. போலிப் படத்துக்காகத்தான், பெரியவளுக்காக இல்லை. கடை, வீடு, கொட்டகை எல்லாம் போயின. போலி என்று தீர்ப்பான சுருள்களை நாங்களே எரித்துவிடுகிறோம் என்று குடும்பத்தின் சார்பில் மெர்ல் கேட்டு வாங்கிவந்தாள்.

நான் அவளோடு சண்டை போட்டேன். "அதுல அஞ்சாறு பெரியவ கைடி. டார்லீன்கிட்ட சொல்லிடு."

"சொன்னா வச்சுக்குவா. இல்லாத நாள்ல விப்பா. எவன் வீட்டுச் சுவத்துலயோ தொங்கும். செத்தவங்க பொருள எரிக்கிறதுதானே நம்ம வழக்கம்?"

"இப்ப வழக்கம் பேசுறியா? ராய்ஸ விழவைக்கிறதுக்காகப் பெத்த பொண்ணுகிட்டருந்து அம்மாவப் பிடுங்குற."

அவள் விறகு பொறுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் முல்கா மர விறகை அடுக்கித் தீ மூட்டினோம். கழுகுக் கிணற்றுப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். டார்லீனும் சிரித்துக்கொண்டே சுருள்களைத் தூக்கித் தூக்கிப் போட்டாள். அந்தப் பெரிய சுருள் கனம் தாங்காமல் அவள் கையிலேயே அவிழ்ந்துகொண்டது. பாதி தீயில் விழுந்தது, பாதி அவள் முன்னால் விரிந்தது. டார்லீன் சிரிப்பதை நிறுத்தினாள்.

"இது எங்கம்மா" என்றாள்.

"அத்தை, இது எங்கம்மா கைதானே?" என்று என்னைக் கேட்டாள். என்னால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. அவள் வெறுங்காலால் தீயை மிதித்து, துணியை வெளியே இழுத்தாள். ஓரமெல்லாம் கருகிப் போயிருந்தது. மற்றவை ஏற்கெனவே சாம்பல். அவள் மெர்லைப் பார்த்தாள்.

"தெரிஞ்சேதானே பண்ணின?"

"ஆமா."

டார்லீன் கட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். கிளாரி குறுக்கே போகப் பார்த்தார். மெர்ல் கையை நீட்டித் தடுத்துவிட்டாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து காட்டினாள். டார்லீன் அடித்தாள். ஒரே அடி, ஆனால் முழு அடி. ரத்தம் மெர்லின் கண்ணுக்குள் வழிந்தது. அவள் முனகக்கூட இல்லை. டார்லீன் கட்டையைப் போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டாள். நாங்களும் ஓலமிட்டோம். நான் மருந்து இலைக் களிம்பை எடுத்துவந்து காயத்தில் அப்பிக் கட்டினேன். பிறகு அதைப்பற்றி யாரும் பேசவில்லை. பேச வேண்டியதில்லை, அது முடிந்துவிட்டது.

டார்லீன் கழுகுக் கிணற்றுக்கே திரும்பி வந்துவிட்டாள், இப்போது மெர்ல் அவள் வீட்டில்தான் இருக்கிறாள். மழை வருகிற நாளில் தலைத் தழும்பு அரிக்கிறது என்று மெர்ல் டார்லீனைக் கூப்பிட்டுத் தேய்க்கச் சொல்கிறாள். பாதி எரிந்த படம் டார்லீன் கட்டிலுக்கு மேல் மாட்டியிருக்கிறது. யார் கேட்டாலும் போலி என்று டார்லீன் சொல்லிவிடுகிறாள். மெர்ல் படம் வரைவதில்லை. ஏன் என்று கேட்டால், கை வலி என்கிறாள். அதே கையால்தான் கடப்பாரையைப் பிடித்து உடும்பு வளை தோண்டுகிறாள்.

போன வாரம் நாங்கள் இரண்டு உடும்பு பிடித்து வந்து தீ மூட்டிக்கொண்டிருந்தோம். கிளாரி ஆலிஸிலிருந்து வந்தார். ராய்ஸ் வெளியே வந்துவிட்டான், கிழக்கே கடலோரத்தில் ஏதோ ஊரில் பழைய படகு விற்கிறானாம், ஆள் பாதியாக இளைத்துவிட்டானாம் என்றார். நான் மெர்லைப் பார்த்தேன். அவள் உடும்பைச் சாம்பலுக்குள் புரட்டிப் போட்டாள், விரலைச் சுட்டுக்கொண்டு வாயில் வைத்துக்கொண்டாள்.

"அங்க பஸ் போகுதா அண்ணே?" என்று கேட்டாள்.